நெஞ்சாங்குலையின் கடிவாளம்



நெஞ்சாங்குலையை மூளைதான் துடிக்க வைக்கிறது என்று கருதுவோர் பலர். அது பிழை. குலையின் வலப்புற மேலறைச் சுவரில் சிறு கணு ஒன்றுண்டு; துடிப்பு அங்கேயே பிறக்கிறது. தனித்து விட்டால் அது மணித்துளிக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஓய்ந்திருக்கும் நம் உடலிலோ 70 அளவில் நிற்கிறது. ஏன்? கடிவாளம் ஒன்று இழுத்துப் பிடித்திருக்கிறது!

மூளையடியினின்று கழுத்து வழியிறங்கி வயிறு மட்டும் அலைந்து செல்லும் அலைநரம்பே அக்கடிவாளம். 1921-இல் ஆசுத்திரிய நாட்டுக் கிராசு நகரில் ஓட்டோ இலோவி என்னும் அறிஞர் தவளையொன்றின் குலையில் இந்நரம்பைத் தூண்டினார், துடிப்புத் தளர்ந்தது. அக்குலையில் நின்ற உப்புநீரை எடுத்து, நரம்பு நீக்கிய வேறொரு குலையில் இட்டார். அதுவும் தளர்ந்தது! நரம்பு தன் முனையில் கசியவிடும் ஒரு பொருளே அடக்குகிறது என்பது விளங்கிற்று. (1936-இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற அவரை, ஈராண்டில் இட்லர் ஆட்சி சிறையிலிட்டு நாட்டைவிட்டே துரத்தியது, அக்கொடுமை வேறு.)

மாற்றுக்குலை பொருத்தப் பெற்றோரை நோக்குங்கள். அறுவையில் நரம்புகள் அறுபடுகின்றன. கடிவாளமின்மையால் ஓய்விலும் துடிப்பு 100-ஐ ஒட்டியே நிற்கும். முடுக்கும் நரம்பும் அற்றமையால், படியேறுங்கால் உடனே விரையவும் இயலாது. சிறுநீரகத்தின்மேல் அமர்ந்த சுரப்பியின் ஊறல் குருதியில் கலந்து வந்து சேரவேண்டும். அதற்குச் சில மணித்துளிகள் ஆகும். ஆண்டுகள் செல்லச் சிலர்க்கு நரம்பு ஓரளவு மீள வளர்வதும் உண்டு. அதுகாறும் அவர்கள் மெல்லத் தொடங்கி மெல்ல நிறுத்துதல் வேண்டும். அத்தகையோர் உங்கள் இல்லத்தில் இருப்பின், பேருந்தைப் பிடிக்க அவர்தம் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள்!