பயணச்சீட்டு வேண்டாத வயது
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



குறள் ஒப்புவித்த சிறுவர்க்கும், பத்தாம் வகுப்பில் மிகுந்த மதிப்பெண் பெற்றவர்க்கும் இம்மேடையில் பரிசளித்தோம். நன்று. பரிசு பெறும் வயதையே எட்டாத மழலைகளைப் பற்றி நான் சிறிது பேச விழைகின்றேன். நான் கல்வியாளன் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வேயில் எழுத்தனாய் இருப்பவன். தனி இருக்கை கேளாதவரை, ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு ரயிலில் பயணச்சீட்டு வேண்டா. எனவே எங்கள் கணக்கேட்டில் அக்குழந்தை ஏறுவதில்லை. நாட்டின் கணக்கேட்டிலும் நெடுங்காலம் அந்நிலையே இருந்தது.

பிறக்கும்போது மனித மூளையின் எடை, முதிர்ந்த மூளையின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கே என்றும், மூன்று வயதை எட்டுமுன் அது முக்கால் பங்கைத் தொடுகின்றது என்றும் மருத்துவர் கூறுவர். அவ்வாண்டுகளில் உணவும், தடுப்பூசியும், பேச்சும், விளையாட்டும் கிட்டாத பிள்ளைக்குப் பின்னர்ப் பள்ளி முழுதும் ஈடுசெய்வது அரிதன்றோ?

1975 அக்டோபர் 2ஆம் நாள் மத்திய அரசு 33 வட்டாரங்களில் குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று மைசூரை அடுத்த டி. நரசீபுரம். காவிரியும் கபினியும் கூடும் அவ்வூரில் நம்மில் பலர் நீராடியிருப்போம். அங்கன்வாடிக்கு முன்னோடியான ஊர்களுள் அதுவும் ஒன்றெனச் சிலரே அறிவோம்.

1980இல் தமிழகத்தில் உலக வங்கிக் கடனுதவியுடன் ஊட்டச்சத்துத் திட்டமொன்று எழுந்தது. மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் முதலில் நடத்திப் பார்த்தனர். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசில் நிறுத்து, எடையை அட்டையில் கோடாக வரைந்தனர். எடை ஏறாத குழந்தைக்கு மூன்று மாதம் சத்துணவு தந்தனர், தேறியதும் விட்டனர். நிறுத்தவர்கள் உள்ளூர்ப் பெண்களே! மெலிவு கண்ணுக்குப் புலப்படுமுன் கோடு காட்டிவிடும். தாயும் பார்த்துத் தெளிவாள். பார்சல் எடையோடு பழகிய எனக்கு இம்முறை மிகவும் உவப்பானது. அடுத்து, 1982இல் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் இரண்டு வயதினரையும் சேர்த்துக்கொண்டது.

இனி நம் பெங்களூருக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்த நம் மக்கள் தகரக் கொட்டகைகளில் வாழ்கின்றனர். தாய் சாந்துச் சட்டி சுமக்க, கைக்குழந்தை மணற்குவியலருகே கிடக்கின்றது. எட்டு வயது அக்காள் பள்ளியை விட்டுக் காவலிருக்கின்றாள். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தளத்தில் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என 1996இலேயே சட்டம் விதித்தது. சிறு மேஸ்திரியிடம் ஐம்பது பெண்கள் ஏது?

அங்கன்வாடியில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவும், பெரிய குழந்தைக்குச் சூடான உணவும் உண்டு. ஆயினும், "அங்கே கன்னடம் பேசுவார்களே, நமக்குத் தருவார்களா?" எனத் தாய்மார் தயங்குகின்றனர். பிள்ளை தமிழை மறந்துவிடும் என்று அஞ்சுவோர் நம் சங்கத்திலும் உளர். தாலாட்டும் கதையும் தமிழில் கேட்டு வளரும் பிள்ளைக்கு மற்றொரு மொழி சுமையன்று. ராகி முத்தையும் நம் கேழ்வரகுக் களியும் வயிற்றுக்கு ஒன்றே!

2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும் இப்பணிகள் கிட்டவேண்டும் என ஆணையிட்டது. அங்கன்வாடி இல்லாத குடியிருப்பில் அவ்வயதினர் 40 பேர் இருப்பின், கோரிய மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தருதல் வேண்டும் என்றும் கூறியது.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். பொன்னாடைச் செலவைச் சற்றே சுருக்குவோம். இருமொழியும் அறிந்த சகோதரியர் நால்வர், வேலையில்லாத ஞாயிறுகளில் கொட்டகைக் குடியிருப்புகளுக்குச் சென்று குழந்தைகளைப் பெயரோடு எழுதி வரட்டும். நாற்பது தேறினால் கன்னடத்தில் மனு வரைந்து அலுவலகத்தில் கொடுப்பது என் பொறுப்பு. தேறாவிடின், அத்தாய்மாரை அருகிலுள்ள அங்கன்வாடிக்கு அழைத்துச் சென்று பெயர் பதிவு செய்விப்போம். பெயர் தர விரும்புவோர் விழா முடிந்ததும் என்னைக் காணலாம்.