சுவரோர மஞ்சள் பூ: பட்டர்கப்பா, வேறா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)



பி பிளாக் காம்பவுண்டு சுவரோரம் மஞ்சளாகப் பூக்கும் செடியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பலரும் அதை 'பட்டர்கப்' என்கிறோம். அந்தப் பெயரைக் கைப்பேசியில் தேடினால், 'விஷச் செடி, சாறு பட்டால் தோல் கொப்பளிக்கும்' என்று வருகிறது. அதனால் எல்லாவற்றையும் பிடுங்கிவிடும்படி சில பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். குழந்தைகள் ஓடியாடும் இடம், கவலை நியாயமானதுதான். ஆனால் அந்த எச்சரிக்கை வேறொரு செடிக்கு உரியது.

அசல் பட்டர்கப்பின் தாவரவியல் பெயர் ரனன்குலஸ். லத்தீனில் 'குட்டித் தவளை' என்று பொருள். தவளையைப் போலவே அதில் பல வகைகளுக்கு ஈரம் பிடிக்கும், குளிரும் பிடிக்கும். தமிழ்நாட்டில் அதைப் பார்க்க நீலகிரி, பழனி மலைகளின் உயரமான புல்வெளிகளுக்குப் போக வேண்டும்.

நம்மிடம் இருப்பது டர்னெரா. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக வந்து, இங்கே தானாகவே பரவிவிட்டது. நல்ல வெயில், காய்ந்த மண், சுவர் விரிசல் இருந்தால் போதும். விதையில் ஒட்டியிருக்கும் சதைப்பகுதிக்காக எறும்புகள் விதையை இழுத்துப் போகின்றன. யாரும் நடாத இடத்தில் செடி முளைப்பது அப்படித்தான்.

அடையாளம் காண்பது எளிது:

1. இலை நீளமாக, ஓரம் ரம்பப்பல் போல இருக்கும். ரனன்குலஸ் இலை பெரும்பாலும் பிளவுபட்டிருக்கும்.
2. இலை காம்போடு சேரும் இடத்தில் இரண்டு சிறு சுரப்பிகள் தெரியும். அவற்றின் தேனுக்கு எறும்புகள் வரும்.
3. பூ, இலைக்காம்பிலிருந்தே முளைத்ததுபோல் தோன்றும்.
4. மகரந்தத் தாள்கள் ஐந்துதான். ரனன்குலஸில் நடுவே கொத்தாக நிறைய இருக்கும்.
5. காலையில் விரியும் பூ, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும்.

ஏ பிளாக் பக்கம் வெளிர் நிறத்தில், நடுவில் கரும்புள்ளியோடு பூப்பதும் டர்னெராவில் இன்னொரு வகையே.

இலைகளில் முள்முள்ளாகப் பழுப்புநிறப் புழுக்கள் தெரிந்தால் மருந்து அடிக்க வேண்டாம். அவை டானி காஸ்டர் என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியின் புழுக்கள். இலையைத் தின்று வளர்ந்து, நம் தோட்டத்திலேயே மெதுவாகப் பறக்கும்.

குழுவிடம் என் வேண்டுகோள்: வடிகாலை அடைப்பவற்றையும் நடைபாதையில் முளைப்பவற்றையும் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், சுவரோர வரிசை இருக்கட்டும். வெளியூர்ச் செடி என்பதால் ஏரிக்கரையில் கொண்டுபோய் நட வேண்டாம். எந்தச் செடியானாலும் பூவையோ இலையையோ வாயில் வைக்கக் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லிவைப்போம்.

நாளைக் காலை எட்டு மணிக்கு சுவரோரம் வாருங்கள், பூ விரிந்திருக்கும். இலையைத் திருப்பி அந்த இரண்டு சுரப்பிகளை நீங்களே பாருங்கள்.