பருவச் சொல்லும் ஜப்பானியர் பாட்டும்



ஜப்பானியக் கவிதையைத் தமிழர்க்கு முதன்முதலில் அறிமுகம் செய்தவர் பாரதியார். 1916 அக்டோபர் 16 ஆம் நாள் 'சுதேசமித்திரன்' இதழில் அக்கட்டுரை வெளிவந்தது. கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவ்யூ'வில் யோனே நொகுச்சி என்னும் ஜப்பானியப் புலவர் எழுதியதைப் படித்த மகிழ்ச்சியில் பிறந்தது அது. அப்போது புதுச்சேரியில் இருந்த பாரதியார், 1918 இறுதியில் இலத்தூருக்கு அண்மையிலுள்ள கடையத்துக்கே வந்து சேர்ந்தார் என்பது இப்பகுதியினர் மறவாத செய்தி.

அவர் அப்பாட்டை 'ஹொக்கு' என்றே குறித்தார். ஹொக்கு என்பது தொடக்கப் பாட்டு. புலவர் பலர் கூடியமர்ந்து, ஒருவர் பாடியதோடு மற்றவர் பாட்டைத் தொடுத்துச் செல்லும் 'ரெங்கா' என்னும் தொடர்ப்பாவின் முதற்பாட்டு அது. கூடியிருக்கும் பருவம் எது என்பதை அது சொல்லியாக வேண்டும். பதினேழு அசையுள் இதற்கும் இடம் உண்டு. பின்னர் அது தனித்து நின்றது. மசவோகா ஷிகி (1867–1902) அதற்கு 'ஹைக்கூ' எனப் பெயரிட்டார். ஆகவே பருவம் அதற்கு அணியன்று. பிறப்பிலேயே அமைந்த உறுப்பு.

ஜப்பானியர் நிலமும் அத்தகையது. ஹொக்கைடோ, ஹொன்ஷு, ஷிக்கொக்கு, கியூஷு என்னும் நான்கு பெருந்தீவுகளும் எண்ணற்ற சிறுதீவுகளும் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றன. நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு மலை. தெற்கே ஒகினாவாவில் ஜனவரியிலேயே பூக்கும் செர்ரி, வடகோடி ஹொக்கைடோவில் மே மாத வாக்கில்தான் மலர்கிறது. ஜூன், ஜூலையில் பெய்யும் மழைக்குப் 'பிளம் மழை' என்னும் பொருளில் எழுத்து அமைத்துள்ளனர். பிளம் கனி பழுக்கும் காலம் அது. அதே திங்களில்தான் செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டு வருகிறது.

இத்தகைய சொற்களைப் பருவவாரியாகத் தொகுத்து வைத்த நூல் 'சைஜிக்கி'. கவிஞர் அதைக் கையோடு வைத்திருப்பர். 1873 ஜனவரி முதல் ஜப்பான் ஐரோப்பிய நாட்காட்டியை ஏற்றபோது அதற்குப் பெரும் சோதனை வந்தது. இளவேனிலை ஒட்டி வந்த புத்தாண்டு நடுக்குளிரில் விழுந்தது. தொகுப்பாளர் என் செய்தனர்? நான்கு பருவத்தோடு புத்தாண்டை ஐந்தாம் பிரிவாக்கினர். விண்மீன் திருவிழாவான தனபாத்தாவோ, ஜூலை 7 ஆம் நாள் மழைக்காலத்தில் வந்தாலும், பாட்டில் இன்றும் கூதிர்க்கே உரியது! அரசின் நாட்காட்டிக்குப் பாட்டு முழுதும் பணிந்துவிடவில்லை.

இதைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தவர் தொல்காப்பியர். முல்லைக்குக் காரும் மாலையும் உரியன என்றவர் அவர். பாஷோ (1644–1694) 1689 இல் வடநாடு நோக்கி நடந்ததும், முன்னோர் பாடிய இடங்களைக் காணத்தான். பாடல் பெற்ற தலங்களை நாடிச் செல்லும் மரபினர்க்கு அது புதிதன்று.

எனினும், 1984 இல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்' வெளிவந்த பின் பெருகிய தமிழ் ஹைக்கூக்களில் மூன்று வரி வந்தது, பருவம் வரவில்லை. அரசியல்வாதியையும் வரதட்சிணையையும் குத்திக்காட்டும் பாட்டுகளே மிகுதி. அவை இழிந்தவை அல்ல. பருவம் வேண்டாது மனிதர் குறைகளை நகையாடும் 'சென்ரியு' என்னும் வகையை ஜப்பானியரே வைத்துள்ளனர். அங்கே சேர்க்க வேண்டியவற்றை ஹைக்கூ எனல் பெயர்க் குழப்பம். பருவச்சொல்லும் அசையெண்ணும் துறந்த தனெதா சன்தோக்கா (1882–1940) போன்ற நாடோடித் துறவியும் ஹைக்கூ மரபிலே உண்டு. ஆனால் அவர் அறிந்து துறந்தார். தமிழில் பலர் அறியாமலே விட்டனர்.

தென்காசி வட்டாரத்துக்கு ஒரு சைஜிக்கி தொகுப்பின் என்ன? கார், பிசானம் என்னும் இரு நெற்பருவங்கள் உள்ளன. சாரல் உண்டு, ஆடிக்காற்று உண்டு, குற்றாலக் கடைகளில் மங்குஸ்தான் குவியும் நாள்கள் உண்டு. "சீசன் வந்துவிட்டதா?" என ஒருவர் கேட்டால், காற்றும் தூறலும் அருவியும் அவ்வொரு சொல்லில் வந்துவிடுகின்றன. ஆங்கிலச் சொல்லே ஆயினும் பருவச் சொல்லாகவே அது இங்கு வழங்குகிறது. தொகுப்பில் அதற்கு இடம் தருவதா, 'சாரல்' ஒன்றே போதுமா என்பதை வட்டத்தின் கவிஞர்கள் கூடி முடிவு செய்யலாம்.