பேட்டரி அடிக்கடி இறங்குதா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி...

(வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கான நுகர்வோர் விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நுகர்வோர் உரிமை பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். கூட்டம் தொடங்கும் முன்பு உங்களில் சிலரிடம், "போன வருஷம் எதுக்கு வீணா காசு போச்சுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். டயர், இன்சூரன்ஸ் என்று சொல்வீர்கள் என எதிர்பார்த்தேன். மூன்று பேர் 'பேட்டரி' என்றார்கள். ஒரே வருஷத்தில் இரண்டு முறை மாற்றினேன் என்றார் ஒருவர். அதனால் சட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் வண்டியைப் பார்ப்போம்.

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் கடைக்காரர் உடனே சொல்வது, "பேட்டரி போயிடுச்சுண்ணே". பாதி நேரம் அது உண்மைதான். நம்ம ஊர் வெயிலில் மூன்று, நான்கு வருஷம் ஓடிய பேட்டரி போவது இயல்பு. ஆனால் ஆறு மாதப் பேட்டரி இறங்கினால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். பேட்டரியால் சார்ஜைப் பிடித்து வைக்க முடியவில்லையா? ஆல்டர்னேட்டர், நம்ம மெக்கானிக் பாஷையில் டைனமோ, சார்ஜ் ஏற்றவில்லையா? அல்லது வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று ராத்திரி முழுக்கக் கரண்டைக் குடிக்கிறதா? மூன்றில் எது என்று தெரியாமல் புதுப் பேட்டரி போட்டால், அது கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். கோளாறு அப்படியே உள்ளே இருக்கும்.

ஒரு பைசா செலவில்லாத சோதனை ஒன்று இருக்கு. பேட்டரியை முழுசா சார்ஜ் செய்துவிட்டு, ராத்திரி நெகட்டிவ் கிளாம்பை மட்டும் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். காலையில் மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்கள். வழக்கமாகப் படுத்துக்கொள்ளும் வண்டி அன்றைக்கு ஒரே எடுப்பில் கிளம்பினால் பேட்டரி நல்லது, வண்டிதான் குடிக்கிறது. கழற்றி வைத்தும் இறங்கியிருந்தால் பேட்டரியில்தான் கோளாறு. வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். இதற்கு முன்னால் டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, கிளாம்ப் ஆடுகிறதா என்றும் பாருங்கள். அதை மட்டும் சுத்தம் செய்து முறுக்கியே சரியான வண்டிகள் உண்டு.

அடுத்தது மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டி.சி.யில் 10 ஆம்பியர் வரை அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தால், 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால், பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சமே காட்டினால் டைனமோவையோ பெல்ட்டையோ பாருங்கள். 15-ஐத் தாண்டினால் அதுவும் கெடுதல்; சார்ஜ் அதிகமாகி பேட்டரி தண்ணீர் வற்றிப்போகும்.

இனி ராத்திரித் திருடனைப் பிடிக்கும் வேலை. இதில்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்து, நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் மாட்டுங்கள். ஒரு முனை கிளாம்பில், மறு முனை பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில். அதாவது வண்டிக்குப் போகிற கரண்ட் எல்லாம் மீட்டர் வழியாகத்தான் போகும். ஆரம்பத்தில் சில ஆம்பியர்கூடக் காட்டலாம், பயப்பட வேண்டாம். இப்போதைய வண்டிகளில் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அரை மணி நேரம், சிலதில் ஒரு மணி நேரம்கூட ஆகும். கதவைத் திறந்தால் எல்லாம் மறுபடி முழித்துக்கொள்ளும். அதனால் ஃபியூஸ் பெட்டிக்காகக் கதவைத் திறந்தே வைக்க வேண்டியிருந்தால், கதவுப் பூட்டின் கொக்கியை ஸ்குரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். கதவு சாத்தியிருக்கிறது என்று வண்டி நம்பிக்கொள்ளும். பட்டன் ஸ்டார்ட் வண்டியென்றால் சாவியைத் தள்ளி எங்காவது வைத்துவிடுங்கள். மறந்தும் இந்த நிலையில் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் போய்விடும்.

தூங்கிய வண்டி பொதுவாக 0.05 ஆம்பியருக்குள் எடுக்கும். கடிகாரம், அலாரம் எல்லாவற்றுக்கும் அது போதும். சில புது வண்டிகளில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சின்னக் கார்களில் 35 ஏ.எச். பேட்டரி சாதாரணம். 0.05 என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச். தான் போகும், இரண்டு வாரம் நிறுத்தினாலும் பாதிக்கு மேல் மீதி இருக்கும். அதே வண்டியில் டிக்கி மூடியும் அணையாத ஒரு 5 வாட் பல்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 0.4 ஆம்பியர்; நாளைக்கு 10 ஏ.எச். இரண்டு நாள் வண்டியை எடுக்கவில்லையென்றால் கதை முடிந்தது. (டிக்கி விளக்கு அணைகிறதா என்று பார்க்க, செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினால் போதும்.)

அளவு அதிகமாக இருந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மீட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ, திருடன் அந்த லைனில் இருக்கிறான். எது எந்த லைன் என்று ஃபியூஸ் பெட்டி மூடியிலோ வண்டியின் கையேட்டிலோ படம் இருக்கும்.

எங்கள் தெருவில் வாடகை வண்டி ஓட்டும் ஒரு அண்ணன், எட்டு மாதத்தில் இரண்டாவது பேட்டரி போட்டார். சனிக்கிழமை ராத்திரி நிறுத்தினால் திங்கள் காலை ஏர்போர்ட் டிரிப் போச்சு. அளந்தபோது 0.6 ஆம்பியர். ஆடியோ ஃபியூஸைப் பிடுங்கினதும் 0.04. வெளியே போட்ட மியூசிக் சிஸ்டம். அதற்கு நினைவு வைத்திருக்க எப்போதும் கரண்ட் வரும் ஒரு வயரும், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இன்னொரு வயரும் உண்டு. மாட்டினவர் இரண்டையும் ஒன்றாக முறுக்கி நேர் லைனில் கொடுத்துவிட்டார். திரை அணைந்தாலும் உள்ளே செட் தூங்கவே இல்லை. ஒரு வயரைப் பிரித்துச் சாவி லைனில் கொடுத்ததோடு சரி.

ரிவர்ஸ் கேமரா, டேஷ் கேமரா, வெளியே போட்ட சென்ட்ரல் லாக் என்று நாம் பிறகு மாட்டியவற்றைத்தான் முதலில் சந்தேகப்படணும் என்பது என் கருத்து. ஒரு விஷயம்: வாடகை வண்டியில் இருக்கும் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் விதிப்படி இருக்க வேண்டியவை. சந்தேகம் அதன் மேல் என்றாலும் வயரை வெட்டாதீர்கள், பொருத்தித் தந்த இடத்துக்கே கொண்டுபோங்கள். எந்த ஃபியூஸைப் பிடுங்கினாலும் எண் இறங்கவில்லையா? டைனமோவுக்குள் இருக்கும் டயோடு கசியலாம். அது எலெக்ட்ரீஷியன் வேலை.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. வேலை முடிந்ததும் மீட்டரின் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே பேட்டரியில் வைத்தால் ஷார்ட் ஆகும்.

இப்போது சட்டம். "வாடகை வண்டி வியாபாரம், நீங்க நுகர்வோர் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான். பில்லில் தேதியும் பேட்டரியின் வரிசை எண்ணும் இருக்கட்டும். வாரண்டியில் எத்தனை மாதம் இலவச மாற்று, எத்தனை மாதம் தள்ளுபடி மட்டும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். வெறுமனே சார்ஜ் இறங்கிய பேட்டரியைப் பொதுவாக வாரண்டியில் மாற்ற மாட்டார்கள், சார்ஜ் போட்டுத் திருப்பித் தருவார்கள். ராத்திரி கழற்றி வைத்த சோதனையும் வோல்ட் அளவும் அங்கேதான் கைகொடுக்கும். தேதியோடு எழுதி வையுங்கள், மீட்டரைப் போட்டோ எடுங்கள். கடைக்காரர் கேட்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது; 2 வருஷத்துக்குள் போக வேண்டும்.

மீட்டர் கொண்டுவந்திருக்கேன். அந்த இரண்டு பேட்டரி மாற்றின அண்ணன் வண்டி வெளியேதான் நிற்குது, சாவியை எடுத்து ஒரு மணி நேரம் ஆச்சு என்கிறார். வாங்க, முதலில் அதை அளந்துடுவோம்.