ஹைடனின் எட்டு வருஷங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிஷம். நான் சங்கீத வித்வான் இல்லை, வெறும் ரசிகன். இருந்தாலும் ஒரு சங்கீதக்காரரின் இளமைக் காலத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

அவர் பெயர் ஜோசப் ஹைடன். நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பொனிகளை எழுதியவர். பீத்தோவனே இவரிடம் பாடம் கேட்டவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1732-இல் ஆஸ்திரியாவில் ரோராவ் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா வண்டிச் சக்கரம் செய்கிறவர். அம்மா, கல்யாணத்துக்கு முன் ஒரு பிரபு வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அப்பா ஹார்ப் வாசிப்பார். ஆனால் இசைக் குறிப்பைப் படிக்கத் தெரியாது. எல்லாம் கேள்வி ஞானம்தான்.

பையனுக்கு நல்ல குரல். ஆறு வயசு வாக்கில் ஹைன்பர்க் என்ற ஊரில் பள்ளிக்கூடம் நடத்திய உறவினர் அழைத்துப் போனார். பாட்டு, வயலின் என்று பலதும் அங்கே கற்றுக்கொண்டான். சாப்பாட்டைவிட அடிதான் அதிகம் கிடைத்தது என்று பிற்காலத்தில் ஹைடன் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்த வாத்தியாருக்குக் கடைசிவரை நன்றி சொன்னார்.

1740-இல் வியன்னா நகரின் புனித ஸ்டீபன் பேராலயப் பாடகர் குழுவில் இடம் கிடைத்தது. அங்கே ஒன்பது வருஷம். தினமும் நல்ல இசையைக் கேட்டான், பாடினான். ஆனால் இசை அமைப்பது எப்படி என்று குழுத் தலைவர் சொல்லிக்கொடுத்தது மொத்தமே இரண்டு பாடம்தானாம்! பிறகு குரல் உடைந்தது. குரல் போனால் இடமும் போச்சு. 1749 வாக்கில், பதினேழு வயசில், வெளியே அனுப்பிட்டாங்க. தங்க இடமில்லை. ஷ்பாங்லர் என்ற பாடகர், தானே மனைவி குழந்தையோடு நெருக்கடியில் இருந்தவர், தன் வீட்டில் இடம் கொடுத்தார்.

அடுத்த எட்டு வருஷம்தான் நான் சொல்ல வந்த விஷயம். மழை ஒழுகும் ஒரு மாடி அறையில் குடியிருந்தார். பகலெல்லாம் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடம். கிடைத்த இடத்தில் வயலின் வாசிப்பு. ராத்திரி உட்கார்ந்து படிப்பு. ஃபுக்ஸ் எழுதிய இலக்கண நூலைத் தானாகவே பாடம் பாடமாகப் போட்டுப் பார்த்தார். இமானுவேல் பாக்கின் இசையைப் பூச்சி அரித்த பழைய வாத்தியத்தில் திரும்பத் திரும்ப வாசித்தார்.

அதே கட்டடத்தில் மெட்டஸ்டாசியோ என்ற புகழ்பெற்ற கவிஞர் இருந்தார். அவர் பொறுப்பில் வளர்ந்த சிறுமிக்குப் பாடம் எடுக்கப் போனதில் போர்போரா என்ற இத்தாலிய ஆசான் பழக்கமானார். ஹைடன் அவருடைய மாணவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். அவருடைய பூட்ஸையும் துடைத்தார். திட்டுக்கும் குறைவில்லை. நம்ம குருகுலவாசம் மாதிரிதான். இசை அமைப்பின் மெய்யான அடிப்படையைக் கற்றது அவரிடம்தான் என்று ஹைடனே எழுதியிருக்கிறார். நிலையான முதல் உத்தியோகம் ஒரு பிரபுவிடம் கிடைத்தபோது வயசு இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. எஸ்டர்ஹாசி அரண்மனை வேலை 1761-இல்தான்.

'கஷ்டப்பட்டால் முன்னுக்கு வரலாம்' என்று இதை முடித்துவிடலாம், நீங்களும் கைதட்டுவீர்கள். ஆனால் ஹைடன் அப்படிச் சொல்லவில்லை. 1776-இல் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில், பிழைப்புக்காகவே பொழுது போய், கற்க நேரமில்லாமல் எத்தனையோ திறமைசாலிகள் அழிந்துபோகிறார்கள் என்றுதான் வருத்தப்படுகிறார். பட்டினி யாருக்கும் குருவாக முடியாது. அவரைக் காப்பாற்றியது அந்த ராத்திரிப் படிப்பும், இரண்டு மூன்று நல்ல மனிதர்களும்.

அதில் ஒருவர் புக்ஹோல்ஸ். கையில் காசில்லாத ஹைடனுக்கு 150 குல்டன் கடன் கொடுத்தார், வட்டி வாங்கவில்லை. ஹைடன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் சுமார் ஐம்பது வருஷம் கழித்து, 1801-இல் எழுதிய உயிலில், அவருடைய பேத்திக்கு 100 குல்டன் எழுதிவைத்தார். காரணத்தையும் அதிலேயே குறித்தார்.

தம்பி தங்கைகளே, படிப்பு முடிந்து வேலை கிடைக்கும்வரை உள்ள காலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் இரண்டு வருஷம் அப்படி இருந்தவன். 'என்னப்பா, ஏதாவது கிடைச்சுதா?' என்று கேட்பவர்களுக்குப் பயந்து தெரு மாறி நடந்தவன். அந்த நாட்களை வீண் என்று நினைக்காதீர்கள். தினம் ஒரு மணி நேரமாவது உங்கள் தொழிலுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

நண்பர்களே, நம் சங்கம் முதல் மதிப்பெண் வாங்குபவருக்குப் பரிசு தருகிறது, நல்லதுதான். கூடவே, படிப்பு முடித்து வேலை தேடும் முதல் வருஷத்தில் கைமாற்றாக வாங்கி, முடிந்தபோது திருப்பித் தர, வட்டியில்லாத ஒரு சிறு நிதி தொடங்கினால் என்ன? நம்மில் ஷ்பாங்லரும் புக்ஹோல்ஸும் இல்லாமலா போய்விட்டார்கள்? என் பங்கை இன்று பொருளாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்புவேன்.