கணக்கும் தலையெழுத்தும்

(பள்ளிக்கரணையில் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் ஓய்வுபெற்ற கணக்கு உபாத்தியாயர் ஒருவர் பேசியதன் சாரம்)



கணக்குச் சொல்லிக் கொடுக்கும் தொழிலைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தொழிலில் ஆயுளைக் கழித்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு யோக்கியதை கிடையாது. ஆகவே நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மட்டும் வைத்துக் கொள்ளுங்கள்.

பிள்ளை கணக்கில் தவறினால் நாம் என்ன சொல்லுகிறோம்? "அவனுக்குக் கணக்கு ஏறாது, தலையெழுத்து" என்கிறோம். பெண்ணாயிருந்தால் "இவளுக்குக் கணக்கு எதற்கு?" என்கிறோம். நான் கேட்கிறேன், சந்தையில் கீரை விற்கிற அம்மாள் தாளும் பென்சிலுமில்லாமல் மீதிச் சில்லறையை ஒரு காசு பிசகாமல் கொடுக்கிறாளே, அவள் தலையில் எழுதினது யார்?

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி எண்சுவடியை உருப்போட்டார்கள். மா என்றால் 20-ல் ஒரு பங்கு, காணி 80-ல் ஒரு பங்கு, முந்திரி 320-ல் ஒரு பங்கு. எல்லாம் வாயிலே இருக்க வேண்டும். நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் அது அன்றைக்கு உபயோகப்பட்டது. ஆனால் யாருக்குக் கிடைத்தது? 1822-ல் சென்னைக் கவர்னர் மன்றோ கணக்கெடுக்கச் சொன்னார். ராஜதானி முழுவதும் மேல்பாடசாலைகள் உள்பட 12,498 பள்ளிகள். படித்தவர்கள் 1,88,650 பேர். அதில் பெண்கள் 4,540 பேர்தான். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை! மற்றப் பெண்களுக்கெல்லாம் மூளை இல்லையா? மூளை இருந்தது, கதவுதான் திறக்கவில்லை.

1957-ல் தசம நாணயம் வந்தது. அணாவும் தம்பிடியும் பழங்கணக்காயின. முந்திரி வாய்ப்பாட்டுக்கு வேலை போயிற்று. ஆனால் உருப்போடும் வழக்கம் மட்டும் போகவில்லை. எண்சுவடி இருந்த இடத்தில் நோட்ஸ் வந்து உட்கார்ந்து கொண்டது. "பின்னத்தால் வகுக்கத் தலைகீழாக்கிப் பெருக்கு" என்று நானும் பல வருஷம் மந்திரம் போல் ஓதினவன்தான். ஒருநாள் ஒரு பெண் குழந்தை எழுந்து "ஏன் சார்?" என்று கேட்டது. எனக்கே தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, "உட்கார்ந்து எழுது" என்று அதட்டிவிட்டேன். அன்றோடு அந்தக் குழந்தை கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டது. அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லும் புரோகிதனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இத்தனைக்கும் விஷயம் மிகச் சாதாரணம். அரைப்படி அரிசியை உழக்கால் அளக்கச் சொல்லுங்கள். உழக்கு என்பது கால் படி. இரண்டு தரம் வரும் என்று குழந்தையே சொல்லிவிடும். ½-ஐ ¼-ஆல் வகுத்தால் 2 என்பது அவ்வளவுதான்!

இன்றைக்கு விடை சொல்லக் கைப்பேசி போதும், உபாத்தியாயர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். விடை சொல்லுவதற்கல்ல, அது சரிதானா என்று சோதிக்கக் கற்றுக் கொடுப்பதற்கு. பெரியவர் சொன்னார் என்பதற்காகக் கணக்கில் எதுவும் உண்மையாகிவிடாது. உபாத்தியாயர் தப்பாகப் போட்டால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுந்து அதை நிரூபித்துக் காட்டலாம். இந்தச் சமத்துவம் வேறு எங்கே உண்டு?

நம் ஊர்ச் சதுப்பு நிலத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். உலக நாடுகள் காக்க ஒப்புக்கொண்ட ராம்சார் பட்டியலில் 2022-ல் அது சேர்ந்தது. அதற்குக் குறித்த பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். அவ்வளவு இடத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 12½ கோடி லிட்டர்! வகுப்பில் போடுவதற்கு இதைவிட நல்ல கணக்கு வேண்டுமா?

2015-லும் 2023-லும் நம் பகுதியில் வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது விதி என்றோம். பெய்த மழை எவ்வளவு, அது நிற்க இருந்த இடம் எவ்வளவு, அந்த இடத்தில் கொட்டின மண்ணும் குப்பையும் எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரிந்த பிள்ளை விதி என்று சொல்லுமா? கணக்குக் கேட்கும்!

ஆகவே தோழர்களே! பெற்றோர்கள் "கணக்கு வராது" என்ற வார்த்தையை வீட்டில் சொல்லாதீர்கள். உபாத்தியாயர்கள் "ஏன்" என்று கேட்கும் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி இருவரும் சேர்ந்து தேடுங்கள். அதில் மானக்கேடு ஒன்றுமில்லை என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறேன்.