வலையை மாற்ற மனம் வருவது எப்போது?
(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையில் இருப்போருக்குக் கடலைப்பற்றி என்ன கவலை என்று கேட்பீர்கள். கருவாடு மணக்காத லயம் நம்மிடையே எத்தனை? அது வரும் கடலிலேதான் இன்று பெரும் வழக்கொன்று நடக்கிறது.

பாக்கு நீரிணை ஆழங்குறைந்த கடல். அதன் அடித்தரையை வாரிச்செல்லும் இழுவைமடி, இறாலோடு மீன்குஞ்சுகளையும் அள்ளிவிடுகிறது. இலங்கை அதனை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில், இழுவைமடிப் படகைக் கைவிட்டு ஆழ்கடலிலே சூரை பிடிக்கும் படகுக்கு மாறுவோருக்கு உதவித்திட்டம் தொடங்கிற்று. அப்போது படகின் விலை 80 இலட்சம் இந்திய ரூபாயாக இருந்தது. மத்திய அரசு பாதி தருவதாக இருந்தது. மாநில அரசு 16 இலட்சம். வங்கிக்கடன் 16 இலட்சம். மீனவன் கைப்பணம் 8 இலட்சம். மூன்றாண்டில் 2000 படகுகள் என்பது இலக்காக இருந்தது. மாறியவர்களோ மிகச் சிலர்.

மீனவனுக்குக் கடல்மீது பற்றில்லை என்று சொல்லிவிடலாம். சொல்வது சுலபம், நியாயமன்று. ஒரே நாளிற் கரை திரும்பியவன் இனி நாட்கணக்காக ஆழ்கடலிற் கிடக்கவேண்டும். ஆயிரங்கால் தூண்டிலைப் புதிதாகப் பழகவேண்டும். மீன் அகப்படாத மாதத்திலும் கடன் தவணை நிற்காது. இவையெல்லாவற்றிலும் பெரியது இன்னொன்று: தான் விட்டுவைத்த குஞ்சை அடுத்த படகுக்காரன் அள்ளிப்போவானாயின், விட்டவன் ஏமாளியல்லவா?

இழுவைமடியும் வானத்திலிருந்து விழுந்ததன்று. 1950களில் நோர்வே உதவியோடு கேரளத்திலே தொடங்கிய திட்டமும், பின்னர் அரசுகள் அளித்த மானியமுமே அதைப் பரப்பின. கொடுத்துப் பழக்கியவர்களே மாற்றும் செலவிலும் பங்குகொள்வது முறை என்பது என் எண்ணம்.

இவ்விஷயம் நமக்குப் புதிதன்று. 1959இல் தேயிலை மறுநடுகைக்கு அரசு மானியம் வழங்கத் தொடங்கியதைப் பெரியோர் அறிவர். பழைய செடியைப் பிடுங்கி, புல் வளர்த்து மண்ணைத் தேற்றி, கன்று நட்டுக் கொழுந்தெடுக்கும்வரை அந்த மலையில் வருமானமில்லை. அந்த இடைக்காலத்தைத் தாங்கத்தான் மானியம். மீனவனுக்கும் படகின் விலை மாத்திரம் போதாது. தொழில் பழகும் மாதங்களில் அடுப்பெரிய வழிவேண்டும். துறைமுகம் முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும்.

எதிர்க்கரையிலே, மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சிறுபடகுக்காரர் நிலையையும் பாருங்கள். குஞ்சு தப்பிப்போகும் பெருங்கண் வலையொன்றை அவர் கடன்பட்டு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவிலே எல்லை தாண்டிவரும் இழுவைமடி அதனை அறுத்துக்கொண்டு போய்விடுகிறது. மறுநாள் காலையில் அவரிடம் சென்று, இன்னொரு நல்ல வலை வாங்குங்கள் என்று நம்மில் யார் சொல்வது?